பதியாத விரல்

"நான்கு விரலையும் தட்டையாக வையுங்கள்" என்றாள்
மிர்தா ஒலசாபல்,
ஃப்ரே பென்தோஸ் அடையாள அட்டை அலுவலகம், இரண்டாம் மேசை.
வைத்தேன்.
சிவப்பு விளக்கு.
துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு.
மோதிர விரல் கண்ணாடியைத் தொடமாட்டேன் என்கிறது.
இருபத்திரண்டு வருடமாக அது அப்படித்தான்,
மெலோ ஊர் மைதானத்தில் முப்பத்தோராம் நிமிடத்திலிருந்து.
ஐஸ்குச்சி வைத்துக் கட்டிவிட்டு
"இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்றார் டாக்டர்.
டாக்டர் என்றால்
வார நாட்களில் கசாப்புக்கடை வைத்திருந்தவர்.

"தொழில்?"
கோல்கீப்பர். இப்போது இல்லை.
கணினிப் பட்டியலில் தேனீ வளர்ப்பவர் உண்டு,
மணிக்கூண்டு பழுதுபார்ப்பவர்கூட உண்டு.
கொஞ்ச நேரம் தேடினாள்.
'இதர' என்று தட்டினாள்.

புறமுதுகு காட்டுவது இழிவு என்பார்கள்.
எனக்குப் பத்துப் பேரும்
பத்தொன்பது வருடம் காட்டியது அதைத்தான்.
தெருவில் எதிரே வந்தால் முகம் குழம்பும்;
திரும்பி நடக்கச் சொல்லுங்கள், பெயர் சொல்கிறேன்.
வியர்வை இடப்பக்கம் முதலில் இறங்கினால் எவரிஸ்தோ.
களைத்ததும் தோளைக் காதுவரை தூக்குபவன் லாதிஸ்லாவோ,
அவன் செத்துவிட்டான், ஆனால்
மான்டிவீடியோ பேருந்து நிலையத்தில்
போன மாதம் அந்தத் தோளைப் பார்த்தேன்.

நாங்கள் கோல் போட்டால்
அது பக்கத்து ஊர்க் கல்யாணம்.
சத்தம் வரும், சாப்பாடு வராது.
அங்கே ஒருவர்மேல் ஒருவராகக் குவிவார்கள்.
இங்கே நான் கம்பத்தைக் கட்டிக்கொள்வேன்.
ஜூலையில் இரும்பு எப்படிச் சில்லிடும் தெரியுமா,
வெள்ளை பெயின்ட் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும்.
வீட்டில் கேட்பார்கள், எங்கே உரசினாய் என்று.

ஒரு பந்து இருக்கிறது.
என்னைத் தெரியாதவர்களுக்கும் அதைத் தெரியும்.
மழை, எண்பத்தெட்டாம் நிமிடம்,
டிரா செய்தால் போதும், முதல் டிவிஷன்.
எதிராளி உதைக்கக்கூட இல்லை,
வழுக்கி விழும்போது அவன் கால் பட்டது.
தவழ்ந்து வந்தது, அவசரமே இல்லாமல்.
குனிந்தேன். மார்போடு அணைத்தேன்.
அணைத்தேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.
பிறகு பின்னால் வலை
ஈரத் துணியை உதறியதுபோல் ஒருமுறை.

கை விட்டது என்றேன் நான்.
கைவிட்டான் என்றது ஊர்.
அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே
மேலும் ஒன்பது பருவம் நின்றேன்.

பிடித்த பந்துகளா?
பிடித்த பந்து, நடக்காத செய்தி.
அதை யார் அச்சடிப்பார்.

மறுநாள் காலை ரொட்டிக்கடை ஹெர்மினியோ
எப்போதும் கையில் தருகிற ரொட்டியை
மேடைமேல் வைத்தான்.
கோபம் இல்லை அவனுக்கு.
கீழே விழாமல் இருக்கட்டுமே என்றுதான்.
அன்றிலிருந்து மேடைமேல்தான்.
சில்லறையும்.

மிர்தா மாத்தேயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு
சுரைக்குடுவையை ஓரமாக நகர்த்தினாள்.
இழுப்பறைக்குள் கிடந்த மைப்பெட்டியை எடுத்தாள்,
காய்ந்திருந்தது, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.
என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உருட்டினாள்.
"விறைக்காதீர்கள், கையைத் தளர விடுங்கள்."
தளர விட்டேன்.
அது தானாகவே
ஒரு பந்தளவு விரிந்து நின்றது.
அவள் காத்திருந்தாள். நானும்.
மூடச் சொல்லி என்னால் அதற்குச் சொல்ல முடியவில்லை.

மை சோப்புக்குப் போகாது என்று சொல்லி அனுப்பினாள்.
திரும்பும் வழியில் ஹெர்மினியோ
ரொட்டியைப் பழுப்புத் தாளில் சுற்றி
மேடைமேல் வைத்தான்.
எடுத்தேன்.
வீட்டில் சமையல் மேசைமேல் வைத்தபோது பார்த்தேன்:
தாளின் இரு பக்கமும் என் பத்து விரல்,
ரேகை ரேகையாக,
அரசாங்க இயந்திரத்துக்குக் கிடைக்காத தெளிவில்.
மோதிர விரல் மட்டும்
கொஞ்சம் தள்ளி.